காம்பராவுக்கு ஓடு

தர்ஷினி, நிரோஷன்,

நான் இந்தியாவிலிருந்து திரும்பி வந்த அன்று நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "பெரியப்பா ஏன் வரல?" "அவருக்கு அங்க சோலி கெடக்கு" என்று சொல்லிவிட்டு நான் பையைப் பிரிக்கப் போய்விட்டேன். அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தேன். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும் போல இருந்தது. அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழைகளைத் தர்ஷினி திருத்திக்கொள்ளட்டும். எதையும் வெட்ட வேண்டாம்.

இந்தப் பயணத்துக்குக் காரணமே நிரோஷனின் போன்தான். அதில் ஒரு வீடியோ. மலைச் சரிவில் ஒரு மைதானம். பேஸ்பால் ஆடித் தோற்றுப்போன ஒரு கூட்டம், ஜெயித்தவர்களைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு மேளத்துக்கு ஆடியது. "தோத்தவங்க ஆடுறாங்க, ஜெயிச்சவங்க முழிக்கிறாங்க பாருங்கப்பா" என்று நீ சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்தத் தொப்பி போட்ட ஆளு தாத்தா மாதிரியே ஒரு தோளைச் சாய்ச்சு நிக்கிறாரு" என்றாய். தாத்தாவிடம் காட்டினோம். அவர் போனை வாங்கி முகத்தருகே வைத்துக்கொண்டு, "பெரியவன்" என்றார்.

பெரியப்பா ஒருவர் உண்டென்று உங்களுக்குக் கதையாகத் தெரியும். தாத்தாவின் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை. இந்தியாவுக்குப் போக அவருக்குப் பாஸ்போர்ட் வந்தது, நமக்கு வரவில்லை. நாமும் பின்னால் போகத்தானே போகிறோம், பெரியவன் முன்னால் போகட்டும் என்று, என் அண்ணனை அவர்களுடைய பிள்ளையாக எழுதித் தாத்தா கைநாட்டு வைத்தார். அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு ஐந்து. அவர்கள் போன கொஞ்ச நாளில் கப்பல் நின்றுபோனது. கடிதம் சில வருடம் வந்தது. அதுவும் நின்றது.

வீடியோ போட்டவர்களிடம் நம்பர் வாங்கிப் போனில் பேசியபோது அண்ணன், "வாங்க, ஞாயித்துக்கிழமை மேட்ச் இருக்கு" என்றார். தாத்தாவோடு பேசுங்கள் என்றேன். "போன்ல வேணாம்" என்றார். தாத்தாவும் போனைத் தள்ளிவிட்டு, "நேர்ல வரட்டும். நீ போயி கூட்டிட்டு வா" என்றார். அந்த ஒரு வேலைக்காகத்தான் போனேன்.

வெள்ளிக்கிழமை மதுரையில் இறங்கி மத்தியானம் வத்தலக்குண்டு வந்து சேர்ந்தேன். மலை அடிவாரம். வெயில் மண்டையைப் பிளந்தது. டீக்கடையில் போய், "பாண் இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"பீடாக் கடை எதுத்தாப்ல இருக்குண்ணே" என்றார் கடைக்காரர்.

"இல்லீங்க, தின்கிற பாண்."

"பானும் திங்கிறதுதாண்ணே."

பக்கத்திலிருந்த பெரியவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் உள்ளுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது. பேசுவது தமிழ், கேட்பது தமிழ், ஒரு ரொட்டித் துண்டு வாங்க முடியவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் கையால் காட்டி ஒரு பன் வாங்கினேன். பால் இல்லாமல் டீ கேட்டதற்கு, "வயிறு சரியில்லையாண்ணே?" என்று அக்கறையாக விசாரித்தார்.

மலைக்கு ஏறிய பஸ் பாதி வழியில் சூடாகி நின்றுவிட்டது. கண்டக்டர் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து, "ஓடையில தண்ணி கெடக்கு, வெரசா மோந்துட்டு வாங்க, இருட்டுறதுக்குள்ள போயிருவோம்" என்றார். டிக்கெட் எடுத்தவர்கள் எல்லோரும் முணுமுணுக்காமல் வரிசையாக இறங்கிப் போனார்கள். நம் அட்டன் பஸ்ஸில் இதைச் சொல்லியிருந்தால் சண்டை நடந்திருக்கும். நான் கேனோடு திரும்பி வருவதற்குள் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு கை விட்டு என் பன்னை எடுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்துச் சீட்டு அம்மா, "அது ஒங்களுக்கு முந்தி டிக்கெட் எடுத்துருச்சு" என்றார்.

ஏற ஏறக் குளிர் வந்தது. காற்றில் யூகலிப்டஸ் வாசம். நம் மலை மாதிரியே இருந்தது, ஆனால் தேயிலை இல்லை. சில்வர் ஓக் மரத்தைப் பார்த்தால் என் கண் தானாக அதன் காலடியில் கொழுந்தைத் தேடியது. அங்கே காப்பிச் செடிதான் நின்றது.

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் சுற்றுலா வந்த கூட்டம். சாக்லெட், குல்லா, தைலம் என்று நாலு பக்கமும் கூவல். பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மஞ்சள் பனியன் போட்ட ஒரு ஆள் நேராக வந்து, "மீசைய எடுத்துட்டா ராசு அண்ணன் இப்பிடித்தான் இருப்பாரு" என்று பையை வாங்கிக்கொண்டார். பனியனில் 'பள்ளங்கி ஜாலி நைன்' என்று எழுதியிருந்தது. அவர் பெயர் செல்வம். ஜீப் ஓட்டுகிறவர். டீமில் மூன்றாம் பேஸ் அவருடையது.

பள்ளங்கிக்கு இறங்குகிற சாலையில் ஜீப் வளைந்து வளைந்து போனது. கீழே படிப்படியாகக் காரட், உருளைக்கிழங்கு, பூண்டு வயல்கள். டீமைப் பற்றிக் கேட்டேன்.

"பதினோரு வருசமா ஆடுறோம்ண்ணே."

"எத்தனை மேட்ச் ஜெயிச்சிருக்கீங்க?"

"ஒண்ணு. அன்னைக்கி எதிர் டீம் வண்டி பஞ்சராகி வரல." கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். "அன்னைக்கி என்ன செய்யிறதுன்னே எங்களுக்குத் தெரியலண்ணே. எங்க வழக்கம் தோத்தவன் விருந்து வைக்கிறது. ஜெயிச்சுட்டா யாரு வைக்கிறது? சுட்டு வச்ச போண்டாவ ஆறவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிட்டோம். ஊரே எழவு விழுந்த மாதிரி ஆயிருச்சு."

மைதானத்தில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் மேட்ச், அதற்குள் மேளம் வந்துவிட்டிருந்தது. அண்ணனை முதலில் பார்த்தால் என்ன சொல்வது என்று விமானத்தில் இருந்து யோசித்து வைத்திருந்தேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தாத்தாவின் அதே சாய்ந்த தோள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க. பஸ்ல சவுரியமா வந்தீங்களா?" என்றார்.

வாங்க என்றார். யோசித்து வைத்ததை விட்டுவிட்டு, "சவுரியமா வந்தேங்க" என்றேன்.

"சிலோன்லருந்து நம்ம சொந்தக்காரரு" என்று கூட்டத்துக்குச் சொன்னார். போண்டாச் சட்டிக்குப் பின்னால் நின்ற ஒரு பெரிய உடம்புக்காரப் பெண், "சொந்தம்னா என்ன மொறை?" என்று கேட்டார். அவர்தான் பாக்கியம். ஜாலி நைனின் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவி, சமையல், விசில், வசவு எல்லாம் அவர் பொறுப்பு.

"தம்பி மொறை வேணும்" என்றார் அண்ணன், தூரத்துச் சொந்தத்தைச் சொல்வது போல.

"அப்ப ஒங்க வீட்டம்மா பூர்ணத்துக்குக் கொழுந்தனாரு. சிலோன் கொழுந்தனாருன்னா கொழுந்து கொண்டாந்திருப்பாரே."

நம் பேக்டரியில் வாங்கிய இரண்டு கிலோ தேயிலையை நான் பையிலிருந்து எடுக்க, சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மேளக்காரர் அதற்கும் ஒரு தட்டுத் தட்டினார். அண்ணனும் சிரித்தார். தேயிலைப் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு அதைப் பாக்கியத்திடம் கொடுத்து, "எல்லாருக்கும் போடுங்க" என்றார். தாத்தா தன் கையால் தைத்துக் கட்டிய பொட்டலம் அது என்று சொல்ல எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க அப்படித்தான். அண்ணன் எங்கே போனாலும் பத்துப் பேர் கூட. வெள்ளனே காரட் மூட்டை ஏற்றப் போனார், கூடவே போனேன். அங்கே பத்துப் பேர். மைதானத்தில் கோடு போட்டார், சுண்ணாம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அங்கேயும் பத்துப் பேர். "அண்ணே, ஒரு விசயம்" என்று நான் தொடங்கினால், "சாப்பிட்டீங்களா?" என்பார். சாப்பிட்டேன் என்றால் இன்னொரு தட்டு வரும். மூன்று நாளில் நான் அங்கே தின்றது நம் வீட்டில் மூன்று வாரத்துக்கு வரும். உருளைக்கிழங்கு போண்டா, ஆட்டுக்கறிக் குழம்பு, மலைப்பூண்டைத் தட்டிப்போட்ட ரசம். எதிலும் நம் மாசிக் கருவாட்டுச் சம்பலின் காரம் இல்லை. நாக்கு அதைத் தேடியது.

அன்று பயிற்சியில்தான் அந்த வார்த்தையைக் கேட்டேன். ஒரு பையன் மூன்றாம் பேஸில் நின்றான். பந்து பின்னால் உருண்டு போனது. உடனே எல்லோரும் ஒரே குரலில், "ஏலே, காம்பராவுக்கு ஓடு, காம்பராவுக்கு ஓடு" என்று கத்தினார்கள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். காம்பரா. நம் தோட்டத்து லயத்து வரிசையில் பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிற அறைக்கு நாம் சொல்கிற பெயர். நீங்கள்கூட இப்போது ரூம் என்கிறீர்கள். கடல் தாண்டி, தேயிலையே இல்லாத மலையில், நம் தோட்டத்தைக் கண்ணால் பார்க்காத ஐம்பது பேர் அதைக் கத்துகிறார்கள்.

"காம்பரான்னா என்னாங்க?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"கடைசி பேஸுண்ணே. சுத்தி வந்து அத மிதிச்சாத்தான் ரன்னு."

"அது சரி. அந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?"

"அது பேஸ்பால் வார்த்தைண்ணே. இங்கிலீசு. ராசு அண்ணன்தான் சொல்லிக்குடுத்தாரு. வெள்ளைக்காரப் பிள்ளைக படிக்கிற பள்ளிக்கூடத்துல அவரு தோட்ட வேலை பாத்தப்ப, பந்து பொறுக்கிக் குடுத்தே வெளையாட்டக் கத்துக்கிட்டாரு."

நான் திருத்தவில்லை. கிட்டே போய் அந்தக் கடைசி பேஸைப் பார்த்தேன். மற்ற மூன்றும் சணல் பை. இது மட்டும் லொறி டயரில் வெட்டிய தட்டை. ஐந்து பக்கம். அடியில் சதுரம், மேலே கூம்பு. நிரோஷன் சின்ன வயதில் சுவரெல்லாம் வரைந்து வைத்த வீடு மாதிரியே இருந்தது.

சாயங்காலம் மைதானத்தில் மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அண்ணன் வீட்டில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் போனில் அங்கே சிக்னல் இல்லை. உங்கள் படத்தை எடுத்துப் பார்த்தேன். அண்ணனுக்காக வந்து அவர் கூட்டத்தில் சேர முடியாமல் இருப்பது எப்படி என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கைதட்டல் கேட்கும்போதெல்லாம் அது எதற்கு என்று யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை.

மதினி பூர்ணம் டீ கொண்டுவந்து வைத்தார். அவர் அந்த ஊர்க்காரர். அதிகம் பேசாதவர். பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அண்ணனுடையது. உள்ளே ஒரு முத்திரைகூட இல்லை.

"எடுத்து ஆறு வருசமாச்சு தம்பி. எதுக்குன்னு கேட்டா, சும்மா இருக்கட்டும்னாரு. நீங்க வர்றீங்கன்னதும் எடுத்துத் தொடச்சு வச்சாரு. ஒங்ககூட வருவாருன்னுதான் நெனைக்கிறேன். நீங்களே கேளுங்க."

பாஸ்போர்ட் எடுத்து வைத்திருக்கிறார். அன்று நான் நிம்மதியாகப் படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை. பேஸ்பால் என்பது நீங்கள் சித்திரை வருடப் பிறப்புக்கு, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் ஆடுகிற எல்லே மாதிரிதான். அடிப்பது, சுற்றி ஓடுவது. இரண்டு விசயம் மாற்றம். எல்லேயில் பந்து போடுகிறவன் நம் பக்கத்து ஆள், அடிக்க வாகாகப் போடுவான். இங்கே பந்து போடுகிறவன் எதிரி. எல்லேயில் ஓடுகிறவன் மேல் பந்தை எறிவார்கள், பட்டால் அவன் அவுட். இங்கே எறிய மாட்டார்கள். பந்தைப் பிடித்து அதனால் ஆளைத் தொட வேண்டும். அதனால் ஓடுகிறவன் பந்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

எதிர் டீம் டவுனிலிருந்து வந்த ஹோட்டல் வேலைக்காரர்கள். அண்ணன்தான் பந்து போட்டார். ஐம்பத்து மூன்று வயதில் அவர் போட்ட பந்து பூப்போலப் போய் இறங்கியது. பாக்கியம் எழுந்து நின்று, "ராசு அண்ணே, பந்து போடுறீகளா, பிள்ளைக்கு ஊட்டி விடுறீகளா?" என்று கேட்டார். அண்ணன் தொப்பியைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டு அடுத்ததையும் அப்படியே போட்டார். எனக்கு மட்டும் தெரிந்தது, அந்தக் கை இன்னும் எல்லேதான் ஆடுகிறது என்று.

அந்த ரசிகர்களை நீங்கள் பார்க்க வேண்டும். யார் அவுட்டானாலும், எந்த டீமாக இருந்தாலும், நடந்து வெளியே வருகிறவன் கையில் ஒரு சூடான போண்டாவும் டீயும் கொடுத்துவிடுகிறார்கள். "அவுட்டாகாதவனுக்குப் பட்டினிதான்" என்று ஒரு கிழவர் எனக்கு விளக்கினார். போண்டாவுக்காகவே அவுட்டாகிறவன் உண்டு என்று ஒருவனைக் கைகாட்டினார். அவன் வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினான். நடுவில் பனிமூட்டம் இறங்கி மைதானம் வெள்ளையாகிவிட்டது. ஆட்டம் நிற்கவில்லை. பந்து எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து ரசிகர்கள் விசிலடித்தார்கள். ஆடுகிறவர்கள் விசிலைப் பார்த்து ஓடினார்கள். தேயிலைப் பொட்டலம் தீர்ந்துவிட்டது. "சிலோன் டீ கசக்குதுப்பா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பனி விலகியபோது கடைசி ஆட்டம். டவுன் டீம் பதினொன்று, ஜாலி நைன் பத்து. மூன்றாம் பேஸில் அண்ணன் நின்றார். அவர் ஓடி வந்து காம்பராவை மிதித்தால் சமம், அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. இந்த மாதிரி நிலைமை அவர்களுக்கு வந்ததே இல்லை. "ஏலே, ஜெயிச்சுத் தொலைச்சுராதீக, கறி வெந்து கெடக்கு" என்றார் பாக்கியம். ஆனால் கரண்டியைப் போட்டுவிட்டு அவரும் கோட்டருகே வந்து நின்றார்.

பந்து அடிபட்டது. மெதுவாகத்தான் உருண்டது. அண்ணன் ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்று காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது பேரும் "காம்பராவுக்கு ஓடு" என்று கத்தினார்கள். அவருக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. பாக்கியம் என் முதுகில் கை வைத்துத் தள்ளினார். "நீங்க கூப்பிடுங்க கொழுந்தனாரே."

நான் கத்தினேன். எனக்கே என் குரல் தெரியவில்லை. "பெரியண்ணே, காம்பராவுக்கு வாண்ணே."

ஐந்து வயதில் அப்படித்தான் கூப்பிடுவேன். சோறு ஆகிவிட்டது என்று சொல்ல லயத்து வாசலில் நின்று. அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். ஓடினார். அந்த வயதில் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பந்தை எடுத்தவன் காம்பராவுக்குப் பின்னால் நிற்கிற ஆளுக்கு எறிந்தான். எறி தப்பு. உயரமாகப் போனது. அண்ணன் நேராக ஓடியிருந்தால் போதும். பந்து அவர் தலைக்கு மேலே போயிருக்கும்.

அவர் பந்தைப் பார்த்தார். தலையைக் குனிந்து, உடம்பை வளைத்து, இடது பக்கம் துள்ளி ஒதுங்கினார். பந்து மேலே பட்டுவிடக் கூடாது என்று ஒதுங்கினார். ஒதுங்கிய வேகத்தில் புல்லில் விழுந்து உருண்டார். காம்பரா ஒரு கை தூரத்தில் கிடந்தது, அவர் தலையைக் கையால் மூடிக்கொண்டு கிடந்தார். எதிர் டீம்காரன் போய்ப் பந்தைப் பொறுக்கிக்கொண்டு நிதானமாக நடந்து வந்து, குனிந்து அவர் தோளைத் தொட்டான்.

எல்லே ஆடியவனைத் தவிர உலகத்தில் யாரும் அப்படி ஒதுங்க மாட்டார்கள்.

பிறகு மேளம் பிடித்துக்கொண்டது. ஜெயித்தவர்களைத் தோளில் தூக்கினார்கள். பாக்கியம் அண்ணனுக்குப் போண்டா கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் புல்லில் உட்கார்ந்தபடியே அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். தின்னவில்லை. பிறகு எழுந்து எல்லோரையும் விட அதிகமாக ஆடினார். என் பக்கம் பார்க்கவே இல்லை.

திங்கட்கிழமை நான் கிளம்ப வேண்டும். வெள்ளனே எழுந்து பார்த்தால் அண்ணன் வீட்டில் இல்லை. மைதானத்துக்குப் போனேன். முதல் தடவையாக அவர் தனியாக இருந்தார். குந்தியிருந்து கடப்பாரையால் காம்பராவின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குந்தினேன்.

"நேத்து ஏன் ஒதுங்கினேன்னு நீ கேக்கலயே" என்றார். நீ என்றார்.

"கேட்டா சொல்லுவீங்களா?"

"பந்து மேல பட்டுரும்னு நெனச்சேன்." கடப்பாரையைக் கீழே வைத்தார். "இந்தப் பயலுகளுக்குப் பதினோரு வருசமா சொல்றேன், பந்தப் பாக்காத, காம்பராவப் பாருன்னு. நீ பெரியண்ணேன்னு கூப்பிட்ட ஒடனே நான் பிரட்டுக்களத்துல நின்னேன். அம்புட்டுத்தான்."

பிறகு, மூன்று நாளில் முதல் தடவையாக, "அப்பா எப்பிடி இருக்காரு?" என்று கேட்டார்.

சொன்னேன். கண் மங்கிவிட்டது, நடை குறைந்துவிட்டது, ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு இஸ்தோப்புத் திண்ணையில் படுத்திருக்கிறார், உங்களைக் கூட்டிவரச் சொல்லித்தான் என்னை அனுப்பினார் என்று சொன்னேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

"நான் வந்து வாசல்ல நின்னா அவரு என்னா செய்வாருன்னு நெனைக்கிற?"

"அழுவாரு."

"இல்லடா. கையெடுத்துக் கும்பிடுவாரு. எழுதிக் குடுத்துட்டேன், மன்னிச்சுருன்னு. பெத்த அப்பன் மகனப் பாத்துக் கும்பிட்டா அந்த மகன் எங்கிட்டுப் போயி நிக்கிறது?" மண்ணைக் கையால் தட்டிக்கொண்டே பேசினார். "மதுரை வரைக்கும் ரெண்டு தடவ போனேன். ஏர்போட்டுக்கு வெளிய ஒரு டீயக் குடிச்சுட்டுத் திரும்பிட்டேன். பூர்ணத்துக்குத் தெரியாது."

"கோவமா அவரு மேல?"

"கோவம் இல்லன்னு சொல்லு." பிறகு உடனே தலையை ஆட்டினார். "வேணாம், சொல்லாத. இல்லன்னு சொன்னா, முந்தி இருந்துச்சுன்னு ஆயிரும்."

உங்கள் இரண்டு பேரில் ஒருவரைக் காட்டி, இந்தப் பிள்ளையை எழுதிக்கொடு, நன்மைக்குத்தான் என்று யாராவது கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று அன்று யோசித்தேன். கொடுக்க மாட்டேன் என்று உடனே சொல்ல முடிகிறது. தாத்தாவும் அப்படித்தான் நினைத்திருப்பார், கேட்கும்வரை.

அண்ணன் கடைசி ஆணியைப் பிடுங்கி, தட்டையைத் தூக்கி, மண்ணை உதறி என் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது.

"இத நம்ம காம்பரா வாசல்ல போடு. அவரு மிதிச்சுட்டு வரட்டும், போகட்டும். கூம்பு உள்பக்கம் பாத்து இருக்கணும், மறந்துராத. இவனுகளுக்கு நான் வேற வெட்டிக்கிறேன்."

"அந்த வார்த்தைய இங்கிலீசுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

"நெனைக்கட்டும்" என்றார். சிரித்தார். தாத்தா பல் விழுந்த பிறகு சிரிக்கிற மாதிரியே இருந்தது.

பாக்கியம் வழிக்கு ஒரு தூக்கு நிறைய போண்டா கட்டிக்கொடுத்தார். செல்வத்தின் ஜீப் மேடு ஏறித் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். அண்ணனைச் சுற்றி அதற்குள் பத்துப் பேர் வந்துவிட்டிருந்தார்கள். அவர் சாய்ந்த தோளோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மதுரை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி டயர்த் தட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்ன சார் இது?" என்றார். "வாசலுக்குப் போடுறதுங்க" என்றேன். விட்டுவிட்டார். வெளியே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே ஒரு டீ குடித்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தேன்.

வந்த அன்று நடந்தது நீங்கள் பார்த்ததுதான். தாத்தா, "பெரியவன் வந்தானா?" என்று கேட்டார். "வரலப்பா, இதக் குடுத்துவிட்டாரு" என்று அவர் மடியில் வைத்தேன். அவர் விரலால் ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "வீடு மாதிரி இருக்கே. கூரை எந்தப் பக்கம்?" என்றார். கையைப் பிடித்துக் கூம்பின் மேல் வைத்தேன். நீங்கள் அறியாத மிச்சம் ஒன்றுதான்.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள். தாத்தா இஸ்தோப்பில் கண்ணயர்ந்துவிட்டார். நான் வாசலில் மண்ணைக் கொத்தி, தட்டையைப் பதித்து, கூம்பை உள்பக்கம் திருப்பி வைத்து, கல்லால் தட்டி இறுக்கினேன். கைகால் கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். தண்ணீரை மூடிவிட்டுத் திரும்பினால், பீலியிலிருந்து நம் வாசல், மூன்றாம் பேஸிலிருந்து காம்பராவுக்கு இருந்த தூரம்தான் கிட்டத்தட்ட. சுற்றிலும் பார்த்தேன். லயத்தில் ஒருவரும் இல்லை.

செருப்பை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு ஓடினேன். பாதியில், எதுவுமே வராதபோதும், உடம்பு இடது பக்கம் ஒதுங்கப் பார்த்தது. ஒதுங்கவில்லை. நேராக ஓடி வந்து வலது காலால் மிதித்து நின்றேன். தாத்தா விழிக்கவில்லை. காலை எடுத்தேன். கறுப்பு ரப்பரில், கூரைக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு ஈரத்தடம் இருந்தது. அது காயும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தேன்.